மூன்று அடுப்புள்ள வீடு

வரி கேட்டுப் போனபோது எனக்குக் கதவைத் திறந்தவர்கள், வரியைக் குறைக்கிறேன் என்று போனபோது கதவைச் சாத்தினார்கள். என் உத்தியோக காலத்தில் நான் கண்ட அதிசயங்களுக்குள் அதுதான் பெரிய அதிசயம். வரிப்பகுதிக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள், சலுகை என்று அறிவித்தால் சனம் வரிசையில் நின்று வாங்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சட்டமும் விதியும் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதைப்பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. பாதி மறந்துபோயிற்று, மீதியை நீங்கள் மாற்றிவிட்டீர்கள். நான் ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த வீடு. என்னைப் பேச விட்டால் நிறுத்தமாட்டேன் என்று உங்கள் மேலதிகாரி எச்சரித்திருப்பார். பரவாயில்லை, மின்விசிறி ஓடுகிறதுதானே, இருந்து கேளுங்கள்.

யுத்த காலம் அது. போதாக்குறைக்கு அந்த வருடம் மழையும் ஏமாற்றிவிட்டது. நீர்த்தேக்கங்கள் வற்றின, மின்வெட்டு வந்தது, மின்வெட்டின் பின்னால் கட்டண உயர்வும் வந்தது. கரண்ட் இல்லாத நேரத்துக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள் என்று பஸ்ஸில் சனம் புறுபுறுத்துக்கொண்டு போகும். நான் கிருலப்பனையில் இருந்தேன். எங்கள் வீட்டிலும் இஸ்திரிப்பெட்டியைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டோம். நான் கசங்கின சேலையோடுதான் கந்தோருக்குப் போவேன்.

எங்கள் மாநகர சபை அப்போது ஒரு நல்ல காரியம் செய்தது. லைற் பில்லைக் குறைக்கச் சபைக்கு அதிகாரம் இல்லை, அது வேறு இடத்துக் கணக்கு. ஆனால் வீட்டுக்காரர் சபைக்குக் கட்டுகிற சோலைவரி எங்கள் கையில் இருந்தது. அதில் ஒரு பங்கைச் சிறிய வீடுகளுக்குக் கழித்துவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். ஒரே மீற்றரில் பல குடும்பங்கள் வாழ்கிற வீடென்றால் குடும்பத்துக்கு ஒரு பங்கு. ஏன் தெரியுமா? மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. அதிகம் பாவிக்கிறவனுக்கு ஒவ்வொரு யூனிற்றும் விலை கூட. மூன்று குடும்பம் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், மீற்றர் ஒன்று என்றால் அது ஊதாரி வீடாகத்தான் தெரியும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்தக் கழிவை லைற் பில்லில் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவேண்டும். நல்ல திட்டம். இன்றைக்கும் சொல்வேன், நல்ல திட்டம்.

கெடுத்தது விண்ணப்பப் படிவம். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருடைய பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர் எல்லாவற்றையும் எழுதச் சொன்னது. அதைத் தயாரித்தவர் கெட்ட மனிதர் அல்ல. எத்தனை குடும்பம் என்று தெரியவேண்டும், அப்படியென்றால் பெயரைக் கேட்போம் என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். அவருடைய வீட்டில் யாரும் பொலிஸில் போய்ப் பதிந்துவிட்டு வந்து படுக்கவேண்டிய நிலைமை இல்லை.

எங்கள் வீடுகளில் இருந்தது. தமிழ் வீட்டில் யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். அந்தப் பதிவுக் கடதாசி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். விளக்கேற்ற மறந்தாலும் அதைப் பத்திரப்படுத்த மறக்கமாட்டோம்.

இனி வீட்டுக்கு வருகிறேன். வீட்டுக்காரி மகேஸ்வரி அன்ரி. கணவர் ரயில்வேயில் கிளாக்கராக இருந்து காலமானவர். பிள்ளைகள் வெளிநாட்டில். மேல்மாடியை வேலைக்குப் போகும் ஒரு தம்பதிக்கும், பின்னறையைச் சுதா என்ற இளம் தாய்க்கும் வாடகைக்குக் கொடுத்திருந்தார். சோலைவரி நிலுவையில் இருந்தது. ஆகவே என்னைப் படலையில் கண்டதும் அன்ரியின் முகம் செத்துப்போனது.

"சாமான் தூக்க வந்தனீங்களோ பிள்ளை?"

"ஐயோ இல்லை அன்ரி. குறைக்க வந்தனான்."

"என்னத்தைக் குறைக்க?"

சொன்னேன். முகத்தில் ரத்தம் திரும்பியது. கதிரையைத் துடைத்துப் போட்டார், தேத்தண்ணி போடுகிறேன் என்றார். வரிக்குப் போகும் வீட்டில் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிப்பதில்லை என்று எனக்கு அந்தக் காலத்தில் ஒரு கட்டுப்பாடு. வேண்டாம் என்று படிவத்தை நீட்டினேன். அன்ரி கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிவத்தை என் மடியில் வைத்தார்.

"இதில பெயர் எழுத வேணுமோ?"

"ஓம் அன்ரி, எல்லாற்ற பெயரும்."

"அப்ப எனக்கு வேண்டாம்."

"சும்மா தாற சலுகை அன்ரி."

"சும்மா தாறவை ஏன் பெயர் கேக்கினம்?"

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்குப் படிவத்தை மடித்துப் பையில் வைத்ததுதான் நான் செய்த வேலை.

அன்ரி குரலைத் தாழ்த்தினார். "பொலிஸில குடுத்த பதிவில இல்லாத ஆள் இதில வந்தா, ரெண்டு கடதாசியும் எங்கையாவது சந்திச்சா, பிறகு நான் ஆருக்குப் பதில் சொல்லுறது?"

அந்த இல்லாத ஆள் சுதா. வவுனியாவிலிருந்து மூன்று வயது மகளோடு வந்தவள். கணவன் வெளிநாட்டில். இவர்களைக் கூப்பிடப் பத்திரம் போட்டிருந்தான், அது சரிவரும்வரை கொழும்பில் இருந்தாகவேண்டும். முதலில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கிப் பதிவும் அங்கேதான் எடுத்திருக்கிறாள். லொட்ஜ் வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வந்தாள். ஆள் வந்துவிட்டாள், பதிவு வரவில்லை. மாற்றுவதென்றால் வீட்டுக்காரி பொலிஸுக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். அன்ரிக்குப் பொலிஸ் என்றால் காய்ச்சல். நாளைக்குப் போவம், வெள்ளிக்கிழமை வேண்டாம், திங்கள் பார்ப்பம் என்று இழுத்து இழுத்துக் கிடந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இப்படி ஓரிடத்தில் பதிந்து இன்னோரிடத்தில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குற்றம் செய்கிறோம் என்ற எண்ணமே கிடையாது, சோம்பலும் பயமும்தான்.

இதற்கிடையில் லைற் பில் வந்து வீட்டில் சண்டையை மூட்டிவிட்டிருந்தது. சுதா ஒளித்து வைத்து ஹீட்டர் பாவிக்கிறாள், அதனால்தான் பில் ஏறியது என்பது அன்ரியின் முடிவு. மாத முடிவில் வெளியே போய்விட வேண்டும் என்று சொல்லியாயிற்று.

நான் படலையைத் தாண்டும்போது சுதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

"அக்கா, சத்தியமா நான் ஹீட்டர் பாவிக்கிறேல்லை. பிள்ளைக்குச் சுடுதண்ணியும் மண்ணெண்ணெய் அடுப்பிலதான் வைக்கிறன். சொன்னா நம்புறா இல்லை."

"இங்கயிருந்து போனா எங்க போவீர்?"

"தெரியாது அக்கா. லொட்ஜுக்குக் குடுக்கக் காசில்லை. ஆரும் அறை தந்தாலும் பதிவு கேப்பினம். திரும்பி வவுனியாவுக்குப் போனா இவரின்ர விஷயம் அப்பிடியே நிண்டுபோகும்."

அழவில்லை அவள். அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். பில் ஏறியதற்கு அவள் காரணமே இல்லை, மீற்றர் ஒன்று வீடு மூன்று என்பதுதான் காரணம். அதற்கான மருந்து என் பையில் இருந்தது, கொடுக்க வழியில்லை. எனக்கு வந்த கோபத்தில் காலி வீதிவரை விறுவிறென்று நடந்து, என் பஸ்ஸையும் தவறவிட்டேன்.

எங்கள் பகுதித் தலைவர் களனியிலிருந்து வருகிற சிங்களவர். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்வரை ஒரு முகம், திறந்த பிறகு வேறு முகம். மனைவியின் சமையல் அப்படி. ஆகவே முக்கியமான விஷயமென்றால் நாங்கள் எல்லோரும் அவர் முதல் கவளத்தை விழுங்கும்வரை காத்திருப்போம். அன்றைக்கு அவரே முந்திக்கொண்டார்.

"மிஸ், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. உங்கள் ஆட்களுக்கு லைற் பில்லே வருவதில்லையா?" சிங்களத்தில்தான் கேட்டார். எங்கள் பேச்சு எப்போதும் சிங்களத்தில்.

"வருகிறது சேர். பெயரை எழுதப் பயம்."

"நாம் வரிக்காரர். பொலிஸ் இல்லையே."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கடதாசிக்குத் தெரியாதே."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. இதுதான் சமயம் என்று நான் கேட்டேன். "சேர், ஒரு கட்டடத்தை இரண்டு வீடாகப் பிரித்து வரி போடும்போது நாம் எதைப் பார்க்கிறோம்?"

"சமையலை. தனிச் சமையல் என்றால் தனி வீடு."

"வரியைக் கூட்ட அடுப்பைப் பார்க்கலாம் என்றால், குறைக்கவும் அடுப்பையே பார்க்கலாம்தானே?"

மனிதர் சிரித்தார். பிறகு வரிக்காரர் புத்தி வந்துவிட்டது. "அடுத்த வீட்டு அடுப்பை இரவல் வாங்கி வைத்துக் காட்டினால்?"

"அடுப்பை இரவல் வாங்கலாம் சேர். புகை பிடித்த சுவரை எங்கே வாங்குவது? சட்டி, உப்புப் போத்தல், துருவுபலகை, மிளகாய்த்தூள் டின், இதெல்லாம் இருக்கிற விதத்தைப் பார்த்தால் தெரியாதா? ஐயாமாருக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியும்."

"சரி. பெயர்கள் வேண்டாம். நீங்கள் போய் உங்கள் கண்ணால் கண்ட அடுப்புக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். ஆடிட் வந்தால் உங்களைத்தான் கையைக் காட்டுவேன்."

"காட்டுங்கள் சேர், நல்லா காட்டுங்கள்."

மேலே அனுமதி வாங்குவது எப்படி என்பதெல்லாம் அவர் பாடு. வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு நான் அடுப்பு எண்ணப் புறப்பட்டேன். கொட்டாஞ்சேனையில் எனக்கு "அடுப்பு மிஸ்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் கட்டிலுக்குக் கீழே அடுப்பு, ஒரு வீட்டில் குளியலறை வாசலில். இன்னொரு வீட்டில் புத்தம் புது அடுப்பைப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து காட்டினார்கள், திரி இன்னும் வெள்ளையாக இருந்தது. "இது சமைக்கிற அடுப்போ, கும்பிடுற அடுப்போ?" என்று கேட்டேன். வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்துவிட்டார். கதவுகள் திறந்தன பிள்ளைகளே. பெயர் கேட்காத மனுஷி வந்திருக்கிறாள் என்று ஒரு வீட்டுக்கு மற்ற வீடு சொல்லி அனுப்பியது.

அன்ரியின் வீட்டுக்கு ஒரு காலைப்பொழுதில் போனேன். மாத முடிவு நெருங்கியிருந்தது. சுதா பையைக் கட்டத் தொடங்கிவிட்டாள். "அன்ரி, பெயர் வேண்டாம். எத்தினை அடுப்பெண்டு மட்டும் பாக்கப் போறன்," என்றேன். அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேற ஒண்டும் கேக்கமாட்டீரே?"

"அடுப்பில என்ன கறியெண்டுகூடக் கேக்கமாட்டன்."

உள்ளே விட்டார். அன்ரியின் குசினியில் காஸ் அடுப்பு ஒன்று. அன்ரி சுத்த சைவம். மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சும் யாரும் அந்தக் குசினிக்குள் கால் வைக்க ஏலாது, அதனால்தான் ஆளுக்கொரு அடுப்பு. மேல்மாடியில், பல்கனி மூலையில் இரண்டாவது. பின்னறைக்கு வெளியே, ஒடுங்கிய நடையில் சுதாவின் மண்ணெண்ணெய் அடுப்பு. சுவரில் ஓர் ஆள் நின்ற உயரத்துக்குப் புகை படிந்திருந்தது. நான் அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இந்தச் சுவரைப் பாத்தனீங்களோ? ஹீட்டர் வைச்சிருக்கிற பிள்ளை ஏன் அன்ரி இந்தப் புகையுக்கை கிடந்து இருமுறா? பில் ஏறினது இவவால இல்லை. மூண்டு குடும்பத்துக்கு ஒரு மீற்றர், அதுதான் கதை."

அன்ரி சுவரைப் பார்த்தார். விரலால் தொட்டு விரலையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் ஒழுங்கை முனையில் ஜீப் வந்து நின்ற சத்தம், அதன் பிறகு விசில்.

சுற்றிவளைப்பு. எல்லா வீட்டையும் சோதிக்கிறார்கள். அன்ரியின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது.

"சுதா, பின் மதிலால அங்கால போ பிள்ளை! பக்கத்து வீட்டுக்குப் போ!"

சுதா பிள்ளையைத் தூக்கிவிட்டாள். ஒரு கால் பின்கதவில். யோசிக்க நேரம் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மதிலால் ஏறிப் பிடிபட்டால் அவளுக்காக யாராலும் வாய் திறக்க முடியாது. நின்றால் திறக்கலாம்.

"நில்லும் சுதா," என்றேன். "ஓடாதையும். அடுப்பைப் பத்த வையும்."

"அக்கா?"

"பத்த வையும். தேத்தண்ணிக்குத் தண்ணி வையும். அடையாள அட்டையையும் பதிவையும் எடுத்துக் கையில வைச்சிரும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டாள். இரண்டு குச்சி முறிந்து மூன்றாவதில்தான் பற்றியது.

உள்ளே வந்த அதிகாரி இளவயது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். அன்ரி ஆணியிலிருந்து பதிவுக் கடதாசியை எடுத்துக் கொடுத்தார். அதிகாரி வாசித்தார், அறைகளைப் பார்த்தார், நடைக்கு வந்து சுதாவைக் கண்டார்.

"மே கவுத?" யார் இது என்கிறார்.

சுதா தன் கடதாசியை நீட்டினாள். அவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "இது கொட்டாஞ்சேனை விலாசம். இங்கே என்ன செய்கிறாய்?"

சுதாவுக்குச் சிங்களம் வராது. அன்ரி முந்திக்கொண்டார். பயத்தில் மனிதருக்கு வருவது பொய்தான். தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், சும்மா பார்க்க வந்த பெண், விருந்தாளி என்று சொல்லிவிட்டார்.

அதிகாரி அடுப்பைப் பார்த்தார். "விருந்தாளி சமைக்கிறாளா?"

அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. நான் பேசாமல் இருந்தால் அன்ரியின் பொய் நிற்கலாம், இல்லை எல்லோரையும் சேர்த்துக்கொண்டு விழலாம். பேசினால் அன்ரியைப் பொய்க்காரி ஆக்குகிறேன், என் உத்தியோகத்தையும் பணயம் வைக்கிறேன். அந்தச் சுவரைப் பார்த்தேன். அதில் படிந்திருக்கிற புகையை யாரால் விருந்தாளி என்று சொல்ல முடியும்?

"சேர், அந்த அம்மா பயத்தில் சொல்கிறார்," என்று என் அடையாள அட்டையை நீட்டினேன். "இந்தப் பெண் இங்கேதான் வாழ்கிறாள். நான் வரிப்பகுதி. லைற் பில் சலுகைக்காக இந்த வீட்டை இப்போதுதான் பரிசோதித்தேன்."

என் கையிலிருந்த தாளை வாங்கினார். வீட்டு இலக்கம், தெரு, அடுப்பு மூன்று, என் கையெழுத்து. திருப்பிப் பார்த்தார்.

"பெயர்கள் எங்கே?"

"நாங்கள் அடுப்பைத்தான் எண்ணுவோம் சேர். ஆட்களை எண்ணுவது உங்கள் வேலை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பாழாய்ப்போன வாய்! பின்னால் நின்ற கான்ஸ்டபிள் வந்த சிரிப்பை இருமலாக்கினார். அதிகாரி சிரிக்கவில்லை.

"இவள் ஒளிந்திருக்க வந்தவள் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தச் சுவரைப் பாருங்கள் சேர். ஒளிக்க வந்தவள் இவ்வளவு புகை பிடிக்கும்வரை ஓரிடத்தில் சமைப்பாளா? துருவுபலகை வாங்கி வைப்பாளா? பிள்ளைக்குப் பால்மா டின் மூன்றை வரிசையாக அடுக்குவாளா? நீங்கள் ஜீப்பை நிறுத்தின சத்தம் கேட்டும் இவள் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துக்கொண்டு நிற்கிறாள். பதிவை மாற்றவில்லை, அது பிழை. மாற்றாததற்குக் காரணம் இந்த அம்மாவுக்குப் பொலிஸ் படி ஏறப் பயம்."

அவர் குனிந்து சுவரைப் பார்த்தார். டின்களைப் பார்த்தார். சின்னவள் அவருடைய சப்பாத்துக் கயிற்றைத் தொடப் போனாள், சுதா இழுத்தாள். கொட்டாஞ்சேனைக் கடதாசியை இன்னொரு தடவை வாசித்தார்.

"ஏன் பயம்?" என்று அன்ரியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"மனிசன் இருக்கேக்கையே நான் அங்க போனதில்லை எண்டு சொல்லும் பிள்ளை," என்றார் அன்ரி. அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "இன்றைக்கு மத்தியானத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வரவேண்டும். பதிவை இந்த வீட்டுக்கு மாற்றுங்கள். இந்த அடுப்புக் கடதாசியின் பிரதி ஒன்றும் கொண்டுவாருங்கள், விலாசத்துக்கு அத்தாட்சியாக." சுதாவின் கடதாசியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். படிவரை போனவர் திரும்பி நின்று என்னைக் கேட்டார். "மிஸ், இந்தச் சலுகை கல்கிசைப் பக்கமும் உண்டா? எங்கள் வீட்டு லைற் பில்லும் மோசம்."

"இல்லை சேர், அது வேறு சபை."

"அனே," என்றார், சிங்களத்தில் அடடா என்பது போல. தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அப்பாடா! அன்ரி நடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுதா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு முகத்தோடு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் பாதி வற்றிப்போயிருந்தது. இருந்த மீதியில் தேத்தண்ணி ஊற்றினாள். என் கட்டுப்பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நானும் குடித்தேன். அவ்வளவு ருசியான தேத்தண்ணியை அதன் பிறகு நான் குடிக்கவில்லை, இத்தனைக்கும் சீனி போட மறந்திருந்தாள்.

மத்தியானத்துக்கு முன்பே மூன்று பேரும் பிள்ளையும் ஓட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனோம். படியில் அன்ரி சுதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாத முடிவில் வெளியே போ என்று சொன்ன அதே அன்ரிதான். எழுதுகிறவர் எந்த வீடு என்று கேட்டபோது நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அன்ரி என்னைக் கையால் மறித்தார்.

"மகே கெதர," என்றார். என்னுடைய வீடு. "மேயாத் மகே கெதர." இவளும் என் வீட்டு ஆள்.

கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்று, "இவ்வளவுதானோ? இதுக்கோ நான் இவ்வளவு நாளும் செத்துச் செத்துப் பிழைச்சனான்?" என்று என்னைத் திட்டினார். நான்தான் பொலிஸைக் கட்டி நடத்துகிறவள் போல.

சலுகை கிடைத்தது. நிலுவை வரிக்கு ஒரு வழி பிறந்தது, மற்ற இரண்டு குடும்பத்துக்கும் லைற் பில்லில் குறைத்துக் கொடுத்தார். சுதாவின் பை அவிழ்க்கப்பட்டது. பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். ஒரு படிவத்தில் தேவையில்லாத ஒரு கட்டத்தைப் போடும்போது உங்களுக்கு அது ஒரு கோடு. வாசலில் நிற்கிறவளுக்கு அது வேறு ஒன்று. எதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வேலை முடியுமோ அதை மட்டும் கேளுங்கள். அதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்படி எழுதினதுக்காக யார் கேட்டாலும் நிமிர்ந்து நிற்கலாம். எனக்குத் தெரிந்த உத்தியோகம் இவ்வளவுதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த காலாண்டில் சலுகையைத் தொடர்வதற்கு முன்னால் மறுபடி பரிசோதிக்க வேண்டும். அன்ரியின் வீட்டுக்குப் போய் நேரே நடைக்குப் போனேன். அடுப்பைக் காணவில்லை. மா டின்களைக் காணவில்லை. புகைச் சுவருக்குப் பளிச்சென்று வெள்ளை அடித்திருந்தது. அனுப்பிவிட்டாரே பாவி மனுஷி என்று நினைத்தேன்.

"சுதா எங்க அன்ரி?" என் குரல் கடுமையாகத்தான் வந்திருக்கும்.

"ஏன் கத்துறீர்? குசினிக்கை பாரும்."

சைவக் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். சுதா காஸ் அடுப்புக்கு முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் நிலத்தில் இருந்து வெங்காயத் தோலை விளையாட்டாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். மூக்கைத் துளைத்தது கருவாட்டுக் குழம்பு.

"அன்ரி! உங்கட குசினியில மச்சமோ?"

"செவ்வாயும் வெள்ளியும் இல்லை, அவளுக்குச் சொல்லியிருக்கிறன். சட்டியும் வேற. மண்ணெண்ணெய் விலையும் ஏறிப்போச்சு, அந்தப் புகையுக்கை பிள்ளை இருமுது. ஒரு வீட்டில எதுக்கு ரெண்டு இடத்தில சமையல்?" என்றார் அன்ரி. கருவாட்டு மணத்துக்கு மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டுதான் சொன்னார்.

எனக்குச் சந்தோசம்தான். ஆனால் என் கையில் தாள் இருந்தது.

"அன்ரி, மூண்டு அடுப்புக்குத்தான் மூண்டு பங்கு. இப்ப ரெண்டுதான் இருக்கு. சலுகையில ஒரு பங்கு போயிடும்."

சுதா கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பழைய அடுப்பு எங்கேயாவது பரணில் இருக்கும், எடுத்து வைக்கச் சொன்னால் ஒரு நிமிட வேலை. நான் சொல்லவில்லை. அவர்கள் சொன்னால் மறுக்க எனக்கு மனம் வந்திருக்குமா என்றும் தெரியவில்லை.

"ரெண்டெண்டு எழுதும் பிள்ளை," என்றார் அன்ரி. "அண்டைக்கு அவளை விருந்தாளி எண்டு ஒரு பொய் சொல்லிப்போட்டன். இனி அவளை வேற வீடெண்டு இன்னொரு பொய் சொல்லேலாது. எழுதிப்போட்டு இரும், சாப்பிட்டிட்டுப் போகலாம்."

அடுப்பு இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.